தனியாக கேட் (CAD) கற்பவருக்கு எது சரி: ஆட்டோகேடா, ஃப்யூஷனா, ஃப்ரீகேடா?

கையில் கல்லூரி அடையாள அட்டை இல்லை, லைசென்ஸ் வாங்கித் தர கம்பெனியும் இல்லை. வேலை முடிந்து வந்து சொந்த லேப்டாப்பில் தானாகவே கேட், அதாவது கணினியில் வரைந்து வடிவமைக்கும் வேலை, கற்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவர் கண்ணில் முதலில் படுபவை ஆட்டோகேட், ஃப்யூஷன், ஃப்ரீகேட் ஆகிய மூன்றும்தான். மூன்றிலும் வரைந்து பார்த்துவிட்டு நான் ஃப்ரீகேடில் நின்றேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராக்கெட், வேலைத்துண்டைப் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸ்சர், லேசரில் வெட்டும் தகடு என்று பட்டறைப் பக்கம் வரைபவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஆட்டோகேட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1982-ல் வந்தது, 2டி வரைபடம் என்றால் இன்றும் முதலில் வாயில் வரும் பெயர் அதுதான். டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போக நினைப்பவரும், கட்டட பிளான் போடுபவரும் அதைக் கற்றே ஆக வேண்டும் என்பதுதான் நான் பார்த்த வரையில் நிலைமை. கட்டட வரைபடத்தில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். இலவச கல்வி லைசென்ஸ், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படிப்பவருக்கும் அங்கே பாடம் நடத்துபவருக்கும் மட்டுமே. மற்றவர்களுக்குச் சில நாள் டிரையல், அப்புறம் சந்தா. ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் முறையை, ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது. பென் டிரைவில் கைமாறும் கிராக் காப்பியை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. நாளை அதை வைத்துத் தொழில் செய்ய முடியாது, கூடவே வைரஸும் வரும். 2டி-யில் கை பழக வேண்டும் என்றால் லிப்ரெகேட் இலவசம். லேயர், டிரிம், ஆஃப்செட், டைமென்ஷன் எல்லாம் அதிலேயே பழகிவிடலாம்.

3டி-யில் பாகம் வடிவமைக்க உண்மையான போட்டி, ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷனுக்கும் திறந்த மூல மென்பொருளான ஃப்ரீகேடுக்கும்தான்.

ஃப்யூஷனின் பெருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. புதிதாக வருபவருக்கு அது சீக்கிரம் பிடிபடும். செய்த வேலையெல்லாம் திரையின் அடியில் டைம்லைனாக வரிசையாக நிற்கும், எதை வேண்டுமானாலும் இரண்டு தடவை கிளிக் செய்து திருத்தலாம். விளிம்பை உருட்டும் ஃபில்லெட் சிக்கலான இடத்திலும் பெரும்பாலும் உடையாது. வரைந்த இடத்திலேயே, கணினி இயக்கும் வெட்டு இயந்திரமான சி.என்.சி-க்கு ஜி-கோடும் (அதை இயக்கும் கட்டளைகள்) எடுக்கலாம். வீடியோ பாடங்களுக்கும் குறைவில்லை. முதல் மாதத்தில் எதில் அதிகம் செய்து முடிப்பீர்கள் என்று கேட்டால், ஃப்யூஷன் என்றுதான் சொல்வேன்.

ஃப்ரீகேட் முதல் நாளே மிரட்டும். ஒர்க்பெஞ்ச் என்று பல பிரிவுகள் இருக்கும், எந்த வேலைக்கு எதற்குள் போவது என்றே புரியாது. ஸ்கெட்சர் (2டி கோடு வரைய), பார்ட் டிசைன் (அதை 3டி பாகமாக்க), டெக்டிரா (அளவு போட்ட டிராயிங் எடுக்க), ஸ்பிரெட்ஷீட் (அளவுகளை எழுதி வைக்க) இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆரம்பத்தில் திறக்காமலே இருங்கள். பட்டறை வேலையில் பெரும்பகுதி இவற்றிலேயே முடிந்துவிடும்.

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார் (நேமா என்பது மோட்டார் முகப்பு அளவுக்கான தர வரிசை) மாட்ட ஒரு தகடு வேண்டும். நான்கு போல்ட் துளைகள் 47.14 மி.மீ. சதுரத்தின் மூலைகளில் வர வேண்டும், நடுவே மோட்டாரின் 38.1 மி.மீ. மேடு உட்கார ஒரு துளை. ஸ்பிரெட்ஷீட்டில் இந்த அளவுகளை எழுதி ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுவேன். ஸ்கெட்சில் ஒரு செவ்வகம் போட்டு, அது மையத்தின் இருபுறமும் சமமாக நிற்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொடுத்து, பக்க அளவை ஸ்பிரெட்ஷீட்டோடு இணைப்பேன். இன்னும் எத்தனை வழிகளில் ஸ்கெட்ச் அசைய முடியும் என்பதை ஃப்ரீகேட் எண்ணிக் காட்டும். எது அசைகிறது என்று தெரியாவிட்டால் ஒரு கோட்டை மவுஸால் இழுத்துப் பாருங்கள், அளவு கொடுக்காத இடம் தானே நகர்ந்து காட்டிக்கொடுக்கும். எல்லாம் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகிவிடும். பிறகு அதே தகடு நேமா 17-க்கு வேண்டும் என்றால் 47.14-ஐ 31 என்றும், 38.1-ஐ 22 என்றும், போல்ட் துளையை எம்5-லிருந்து எம்3-க்குத் தக்கபடியும் மாற்றினால் போதும், தகடு தானாக மாறிவிடும். ஃப்யூஷனிலும் இதைச் செய்யலாம். ஆனால் எந்தக் கட்டுப்பாடு எதைப் பிடித்து வைக்கிறது என்பதை எனக்குப் பாடமாகப் புரியவைத்தது ஃப்ரீகேடின் அந்த எண்ணிக்கைதான்.

இவையெல்லாம் போக, முடிவைத் தீர்மானித்த விஷயம் லைசென்ஸ். தனியாகக் கற்பவர் இதை மற்ற எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்யூஷனின் இலவச வடிவம் சொந்த உபயோகத்துக்கானது. அதை வைத்து வரும் ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும், வீட்டில் செய்யும், வியாபாரமல்லாத வேலையாகவும் இருக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு ஒரு நல்ல ஆர்டர் வந்தாலே அந்தத் தொகை தாண்டிவிடும். அதாவது, கற்ற வித்தை காசு கொடுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் இலவச அனுமதி முடிகிறது. 2020-ல் இந்த வடிவத்தில் பல வசதிகளை வெட்டினார்கள். ஒரே சமயத்தில் திருத்தக்கூடிய ஃபைல்கள் 10 மட்டும் என்றானது. டிராயிங் ஒரே ஷீட், அதையும் பிரிண்ட் எடுக்க மட்டும்தான் முடியும். சி.என்.சி-யில் டூல் காற்றில் வேகமாக நகரும் ரேபிட் மூவ் போய்விட்டது. எல்லா கேட் மென்பொருளுக்கும் பொதுவான 3டி ஃபைல் வகையான ஸ்டெப் (STEP) ஃபைலாக வெளியே எடுக்கும் வசதியையும் நீக்குவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகே விட்டுவைத்தார்கள்.

ஸ்டெப் இருக்கிறதே, எடுத்துக்கொண்டு வெளியேறிவிடலாம் என்று தோன்றும். ஸ்டெப் ஃபைலில் உருவம் மட்டும்தான் வரும். ஸ்கெட்ச், கட்டுப்பாடு, அளவுகளின் பெயர், எதற்குப் பின் எதைச் செய்தோம் என்ற வரிசை எதுவும் வராது. மேலே சொன்ன மோட்டார் தகட்டை ஸ்டெப்பாக எடுத்துப்போனால், 47.14-ஐ 31 ஆக்க அதில் இடமே இருக்காது. தனியாகக் கற்பவர் நாளுக்கு ஒரு மணி நேரம், நடுவில் விட்டுவிட்டு, வருடக்கணக்கில் கற்கிறார். அந்த உழைப்பெல்லாம் சேர்ந்திருப்பது இந்த வரிசையில்தான். அது, ஃப்யூஷனில் போல, இன்னொருவர் சர்வரில், அவர் மாற்றும் விதிகளுக்குள் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃப்ரீகேட் எல்.ஜி.பி.எல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. கற்கவும் தொழில் செய்யவும் ஒரே மென்பொருள், வருமான வரம்பு கிடையாது. லினக்ஸ் போட்ட லேப்டாப்பிலும் இணையம் இல்லாமலே ஓடும். அதன் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப். பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே படிக்கக்கூடிய எழுத்தாக எக்ஸ்.எம்.எல் ஃபைல்களும், உருவங்கள் தனித்தனி ஃபைல்களாகவும் இருக்கும். அதை முழுமையாகத் திருத்த ஃப்ரீகேட்தான் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஃப்ரீகேடின் இன்றைய பதிப்பை நகல் எடுத்து வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

குறைகளும் பெரியவைதான். பல வருடங்களாக ஃப்ரீகேடைப் படுத்திய ஒரு சிக்கல் உண்டு. பழைய ஸ்கெட்சில் ஒரு கோட்டைச் சேர்த்தால், மேலே போட்ட ஃபில்லெட் வேறு விளிம்புக்குத் தாவிவிடும், அல்லது மாடலே உடைந்துபோகும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு சரிசெய்தது, பாகங்களை இணைக்கும் அசெம்பிளி ஒர்க்பெஞ்சும் அதில்தான் கூடவே வந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்துக் குழம்பாமல், 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கான பாடத்தையே தேடுங்கள். ஸ்கெட்சை முகத்தின் மேல் ஒட்டாமல் அடிப்படைத் தளத்தில் வைப்பதும், ஃபில்லெட்டைக் கடைசியில் போடுவதும் இன்றும் நல்ல பழக்கம். வளைந்து நெளிந்த பாடி வேலையோ, நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்பிளியோ நான் ஃப்ரீகேடில் செய்ததில்லை. அந்த வேலைக்கு என் பரிந்துரையை அப்படியே எடுக்க வேண்டாம்.

எதில் தொடங்கினாலும், முதல் பாகத்தைத் திரையோடு விடாமல் வெட்டிப் பாருங்கள். ஸ்கெட்சை டி.எக்ஸ்.எஃப் (2டி வரைபடத்தைக் கைமாற்றும் ஃபைல் வகை) ஆக எடுத்து லேசர் கடைக்கு அனுப்பும் முன் லிப்ரெகேடில் திறந்து இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். யூனிட் மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று ஒரு துளையை அளந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், விழுந்திருந்தால் லேசர் அதே வழியில் இரண்டு தடவை ஓடும். எதிர்ப்பக்கம், வாடிக்கையாளர் ஆட்டோகேடின் சொந்த ஃபைல் வகையான டி.டபிள்யூ.ஜி அனுப்பினால் ஃப்ரீகேட் அதை நேரடியாகத் திறக்காது, ஓ.டி.ஏ கன்வெர்ட்டர் போன்ற ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். நான் பெரும்பாலும் டி.எக்ஸ்.எஃப் அல்லது ஸ்டெப் கேட்டு வாங்கிவிடுகிறேன், யாரும் மறுப்பதில்லை.