கம்பஸ் படங்களை எங்கே வைப்பது?

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் ஒன்றாகப் படித்த எங்கள் அணியில் இப்போது ஓடும் பேச்சு இதுதான். அலுமாரிகளில் கிடக்கும் படங்களையும், ஓட்டோகிராஃப் கொப்பிகளையும், நாடக விழா அழைப்பிதழ்களையும் என்ன செய்வது? 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான இடத்தின் முதல் வருடங்கள் பெரும்பாலும் இப்படி வீட்டு அலுமாரிகளில்தான் இருக்கின்றன.

வீட்டிலேயே வைத்திருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உப்புக்காற்றில் வாழ்கிறோம். பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் அல்பம்தான் மிக மோசம். என் படம் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு, எடுக்கப்போனால் தோலோடு உரிந்து வருகிறது. கல்லடியில் ஒரு அக்காவின் அல்பம் முழுவதையும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது. இன்று அவரிடம் இருக்கும் ஒரே கம்பஸ் படம், செங்கலடியில் தோழி பத்திரப்படுத்திய பிரதியிலிருந்து எடுத்தது.

வட்ஸ்அப் குழுவுக்கு ஈடில்லாத பலம் ஒன்று இருக்கிறது. “பின்வரிசையில் மூன்றாவது ஆர்?” என்று கேட்டால் அரை மணித்தியாலத்துக்குள் லண்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பெயர் வந்துவிடும். ஆனால் படம் சுருங்கிப்போகும். சாதாரணமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால்தான் அசல் தரம் தப்பும். அப்புறம், நாலு பிறந்தநாள் வாழ்த்து வந்தாலே அந்தப் பெயர் மேலே போய் மறைந்துவிடும். முகநூலும் படத்தைச் சுருக்கத்தான் செய்கிறது.

பல்கலைக்கழக நூலகத்தின் வசதி, தாளையே வைத்துக் காக்கலாம் என்பது. அழைப்பிதழ், கையெழுத்துச் சஞ்சிகை, ஓட்டோகிராஃப் எல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டியவை. அன்பளிப்பா, இரவலா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே கொடுங்கள்.

இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் காக்கும், 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ இணையத்தளம் வேறு வகை. படங்களும் ஒலிப்பதிவுகளும் அங்கே இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. ரொறன்ரோவில் இருப்பவரும் பார்க்கலாம். அந்தத் திறந்த தன்மையேதான் யோசிக்கவும் வைக்கிறது. விடுதி அறையில் எடுத்த படத்தை ஊர் பார்க்க ஒரு பெண் விரும்பாமல் இருக்கலாம். 1990இல் அந்த வளாகமே அகதி முகாமாக இருந்து, செப்டெம்பரில் அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் திரும்பவேயில்லை. எங்கள் படங்களிலும் இன்று இல்லாதவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் குடும்பத்தைக் கேட்காமல் எதையும் ஏற்றக்கூடாது.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குச் சிக்கல் வேறு. அது 1995இல் வந்தது. பிற்கால அணிகளின் படங்கள் பழைய கைத்தொலைபேசிகளிலும் மெமரி கார்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றை முதலில் பிரதியெடுங்கள்.

என் தெரிவைச் சொல்கிறேன். பெயர்களை வட்ஸ்அப்பில் கேட்டு உடனே கொப்பியில் எழுத வேண்டும். படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, பெயர்களோடு ஆவணகத்துக்கு அனுப்ப வேண்டும். தாள்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு. மூலப்படம் வீட்டில், அமிலமில்லாத உறைக்குள். பெயரைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். நான் அன்று குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினேன். அந்தக் கோடு இன்று முன்பக்கத்தில், சிநேகிதியின் வெள்ளைச் சாரியின் மேல் தெரிகிறது.