மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர்: மாட்டிப் பல மாதம் ஓட்டிய பிறகு தெரியவரும் சங்கதிகள்

பார்த்தால் ஒரு பித்தளைத் துண்டு, இரண்டு நிப்பிள், தலையில் ஒரு திருகு. மாட்ட அரை மணி நேரம் கூட ஆகாது. அதனால்தான் பலரும் இதை விளையாட்டுச் சாமான் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்தான் பூஸ்ட்; அது எல்லை மீறாமல் எக்ஸாஸ்ட் காற்றை டர்போவுக்கு வெளியே திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். அது எப்போது திறக்க வேண்டும் என்பதை இனி முடிவு செய்யப்போவது இந்தத் துண்டும் அதோடு சேர்ந்த இரண்டு ஹோஸும்தான். நாள்பட்ட பயன்பாட்டில் தொல்லை தருவது பெரும்பாலும் திருகு அல்ல, அந்த ஹோஸ்கள்.

முதலில் எந்த வகை என்பதைப் பார்த்துவிடலாம். ப்ளீட் வகை, ஆக்சுவேட்டருக்கு (காற்றழுத்தத்தால் வேஸ்ட்கேட்டைத் திறக்கும் டப்பா) போகும் காற்றில் ஒரு பங்கை வெளியே கசியவிடும். மலிவு. ஆனால் அழுத்தம் ஏற ஆரம்பித்ததுமே ஆக்சுவேட்டருக்கும் கொஞ்சம் போய்விடுவதால் வேஸ்ட்கேட் முன்கூட்டியே லேசாக வாய் பிளக்கும், டர்போ எழும்பத் தாமதமாகும். பாலும் (சிறு உருண்டை) ஸ்பிரிங்கும் உள்ள வகையில் அந்தக் குறை இல்லை. வைத்த அளவு வரும்வரை பால் வழியை அடைத்தே வைத்திருக்கும், அதுவரை வேஸ்ட்கேட் அசையாது. குறைந்த சுற்றில் வண்டி இழுக்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். வாங்குவதானால் இதையே வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் 0.5 பார் என்றால் எந்தக் கன்ட்ரோலராலும் அதற்குக் கீழே இறக்க முடியாது, கூட்டத்தான் முடியும். வேக்யூமில் இயங்கும் ஆக்சுவேட்டர் உள்ள விஜிடி (டர்போ இறகுகளின் கோணம் மாறும் வகை) டீசல்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

காற்றை எடுக்கும் இடம் கம்ப்ரஸர் ஹவுசிங்கில் உள்ள நிப்பிள், அல்லது த்ராட்டிலுக்கு முந்தைய இன்டர்கூலர் பைப். இன்டேக் மேனிஃபோல்டில் எடுத்தால் த்ராட்டில் மூடும்போதெல்லாம் வேக்யூம் இழுக்கும். ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸில் டீ போட்டு எடுப்பது அதைவிட மோசம். கேஜுக்கு மட்டும் மேனிஃபோல்டில் தனி இணைப்பு கொடுங்கள், எஞ்சினுக்குள் உண்மையில் போகும் அழுத்தம் அங்கேதான் தெரியும். கேஜ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஹோஸ் 4 எம்எம் உள்விட்டம், நூல் பின்னல் உள்ள சிலிக்கான். பின்னல் இல்லாத மெல்லிய ஹோஸ் சூட்டில் பலூன் மாதிரி உப்பி, சிக்னலைத் தாமதமாக்கும். இரு பக்கமும் 30 செமீக்குள் முடித்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எட்டாத இடத்தில் கன்ட்ரோலரைப் பிராக்கெட்டில் இறுக்குங்கள். திருகை டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும் கிட்கள் வேண்டாம்: ஹோஸ் நீளும், பூஸ்ட் ஒரு கணம் எகிறிப் பிறகு இறங்கும், கையும் சும்மா இருக்காது.

வண்டியில் ஏற்கெனவே பூஸ்ட் சோலனாய்டு (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) இருந்தால் அதன் ஹோஸ்களை மட்டும் கழற்றி வாய்களை அடையுங்கள். மின் பிளக் அதிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் செக் எஞ்சின் விளக்கு எரியும். டார்க்கை (முறுக்குவிசை) கணக்கிட்டு ஓடும் புதிய ஈசியூக்கள் (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேட்காத பூஸ்ட் வந்தால் த்ராட்டிலைத் தானே மூடும், அல்லது பி0234 (பூஸ்ட் மீறல்) கோடு போட்டு, சக்தியைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். அந்த வண்டிகளில் சாஃப்ட்வேர் ட்யூனிங்தான் வழி. இதை மாட்டி ஈசியூவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பால் வகையில் செட்டிங் செய்யும்போது திருகை முழுக்கத் தளர்த்திய நிலையில் தொடங்குங்கள்; உள்ளே போகப் போக பூஸ்ட் கூடும். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். மற்ற வண்டிகள் வராத மூடிய தடம் அல்லது டைனோவில் (வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி அளக்கும் உருளை மேடை) மட்டும். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் 2500 சுற்றிலிருந்து முழு த்ராட்டில். கீழ் கியரில் லோடு குறைவு, பூஸ்டும் குறைவாகவே காட்டும். இரண்டாம் கியரில் 0.8 பார் வைத்துவிட்டு நான்காவதில் 0.95 பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. முதலில் திருகை உள்ளே அரைச் சுற்று, இலக்குக்கு 0.1 பார் இருக்கும்போது கால் சுற்று, ஒவ்வொரு முறையும் லாக் நட்டை இறுக்கிய பிறகே ஓட்டம். ஃப்யூயல் மேப்பை (ஈசியூவில் உள்ள எரிபொருள் அளவு அட்டவணை) தொடாமல் கம்பெனி அளவுக்கு மேல் 0.1 முதல் 0.2 பார் வரைதான் போகலாம் என்பது எங்கள் கணக்கு.

பெட்ரோல் வண்டியில் வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) பூஸ்டில் 11.5 முதல் 12 வரை காட்ட வேண்டும். 12.5ஐத் தாண்டினால் காலை எடுங்கள். எம்ஏபி சென்சாரின் (மேனிஃபோல்டின் மொத்த அழுத்தத்தை ஈசியூவுக்குச் சொல்வது) எல்லையையும் பாருங்கள்: 2 பார் சென்சார் கடல் மட்டத்தில் 1 பார் பூஸ்ட் வரைதான் படிக்கும். அதற்கு மேல் வருவது ஈசியூவின் கண்ணில் படாது, பெட்ரோலும் அதற்கேற்றபடி வராது. முழு பூஸ்டில் எஞ்சின் விக்கித் திணறினால் அநேகமாக ஸ்பார்க் பிளக் இடைவெளிதான். 0.7 எம்எம்முக்குக் குறைத்துப் பாருங்கள். விக்கல் இல்லாமல், யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்த மாதிரி சட்டென்று இழுவை அறுந்தால் அது ஃப்யூயல் கட், அதாவது ஈசியூ பெட்ரோலை நிறுத்துவது. ஈசியூ எஞ்சினின் உயிரைக் காக்கிறது என்று அர்த்தம், அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள்.

சுற்று ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போகிறதா? கன்ட்ரோலரைக் கழற்றி ஹோஸை நேரே ஆக்சுவேட்டருக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் வேஸ்ட்கேட் துவாரம் போதவில்லை, திருகால் தீராது. எதிர்ப்பக்கமும் உண்டு: 3500 சுற்றில் 0.8, 6000இல் 0.65. எக்ஸாஸ்ட் அழுத்தம் வேஸ்ட்கேட் மூடியைத் தள்ளித் திறக்கிறது, அல்லது டர்போவுக்கே மூச்சு முட்டுகிறது. இதற்குத் திருகை உள்ளே விட்டால் நடுச் சுற்றுகளில் அழுத்தம் எகிறுமே தவிர மேலே ஒன்றும் மாறாது.

சில மாதம் போன பிறகுதான் அசல் சேதி. கன்ட்ரோலரின் ஆக்சுவேட்டர் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும், காலை எடுத்ததும் ஆக்சுவேட்டரில் தங்கிய காற்று வெளியேற. பிசிவி (எஞ்சின் அடிப்பகுதிப் புகையை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வழியாக வரும் எண்ணெய்ப் புகை இன்டேக் பைப்பில் படிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாகி இந்தத் துளையை அடைக்கும். அடைந்தால் வேஸ்ட்கேட் உடனே மூடாது. கியர் மாற்றியதும் அடுத்த கியரில் பூஸ்ட் சோம்பலாக வரும், டர்போ போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். பிரேக் கிளீனர் அடித்து, மெல்லிய ஒற்றைக் கம்பியால் மெதுவாகக் குத்தினால் போதும். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், சிக்னல் அதிகம் கசிந்து பூஸ்ட் ஏறிவிடும். பாலும் அதே பசையில் ஒட்டும். அப்போது முதல் அழுத்தலில் மட்டும் கேஜ் முள் எகிறும், இரண்டாவதில் சரியாக நிற்கும்.

ஹோஸ் விரிசல் விடும் இடம் பெரும்பாலும் நிப்பிள் விளிம்புதான். கிளாம்பை எடுத்து முனையை லேசாக மடக்கினால் நகக்கீறல் மாதிரிக் கோடுகள் தெரியும். அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மாட்டலாம், இரண்டாம் முறை வந்தால் புது ஹோஸ். இதில் சோம்பல் கூடாது: கன்ட்ரோலருக்கு முன்னால் கழன்றாலும் சரி, பின்னால் கழன்றாலும் சரி, ஆக்சுவேட்டருக்குச் சிக்னல் போகாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் சோப்புத் தண்ணீர் தடவி, ஹோஸில் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழ் பாருங்கள்.

குளிர்ந்த காற்றில் பூஸ்ட் சற்றுக் கூடும், வெயிலில் வைத்த அளவை இரவில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மலையில் நிலைமை வேறு. 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே 0.8 பார்தான். கேஜில் அதே 0.8 நின்றாலும் எஞ்சினுக்குப் போவது மொத்தம் 1.6, கடல் மட்டத்தில் 1.8. இழுவை குறைந்ததே என்று அங்கே திருகை உள்ளே விடாதீர்கள். ஏற்கெனவே டர்போ அதிக வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும், கீழே இறங்கியதும் அந்தக் கூடுதல் செட்டிங் எஞ்சின் தலையில்தான் விடியும்.

இன்னொன்று, சில கன்ட்ரோலர்களில் காற்றுத் திசை அம்பு வெறும் ஸ்டிக்கர். சூட்டில் ஒரு வருடத்துக்குள் உதிர்ந்துவிடும். வேறு வேலைக்காகக் கழற்றிய மெக்கானிக் தலைகீழாக மாட்டினால் காற்று பாலை அதன் இருக்கையோடு அழுத்தி அடைத்துவிடும், ஆக்சுவேட்டருக்கு ஒன்றும் போகாது. ஆக்சுவேட்டர் பக்க நிப்பிளிலும் அதன் ஹோஸிலும் ஒரே நிறப் பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள். திருகு எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்பதையும் சர்வீஸ் புக்கில் எழுதிவையுங்கள்.