வீட்டுக்கு வந்து கொசுப்புகை அடிக்கும் சேவை: 150 மலேசிய வெள்ளிக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சொன்ன நேரத்துக்கு வந்ததற்கும், "பூனையை வெளியே கொண்டுபோய்விடுங்க அக்கா" என்று புகை அடிக்க வந்த பையன் ஞாபகமாகச் சொன்னதற்கும்தான்.

எங்களுடையது பினாங்கு ஜெலுத்தோங்கில் பழைய வரிசை வீடு. 2024 ஜனவரியில் நான்கு நாள் தண்ணீர்த் தடை வந்ததே, அப்போது பிடித்த பழக்கம், வெயில் காலம் தொடங்கினாலே என் மாமியார் கண்ணில் பட்ட பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் நிரப்பிவிடுவார். பின்கட்டில் 100 லிட்டர் டிரம் ஒன்று, குளியலறையில் மூன்று வாளி. இந்த மார்ச்சில் பக்கத்து வரிசையில் இரண்டு பேருக்கு டிங்கி (டெங்கு காய்ச்சல்) என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதே, உடனே ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். இருபது நிமிஷம். வீடு முழுக்க வெள்ளைப் புகை, டீசல் வாடை, அது மறுநாள் வரை திரைத்துணியை விட்டுப் போகவில்லை. ரசீது கொடுத்தார்கள், கிளம்பிவிட்டார்கள். மூன்று நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் கணுக்காலில் சுருக். போன் செய்தால், "அது வெளியிலிருந்து வர்றது அக்கா, மறுபடி அடிச்சா பாதி விலை" என்கிறார்கள்.

வெளியிலிருந்தா? கைப்பேசி விளக்கை எடுத்துக்கொண்டு டிரம்முக்குள் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் நூல் துண்டு மாதிரி நெளிந்து நெளிந்து அடிக்குப் போகின்றன, பத்துப் பதினைந்து இருக்கும். மலாய்க்காரர்கள் ஜெந்திக்-ஜெந்திக் என்பார்களே, அந்தக் கொசுப்புழுதான். அப்புறம் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும், அதிலும் அதே நெளிசல்.

புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும், வெயில் ஏற ஏற இன்னும் சீக்கிரம். இது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வந்த இருவரில் ஒருவராவது "தண்ணீர் எங்கே பிடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். எனக்குக் கோபமே அதில்தான். சுகாதார அதிகாரி வந்து அந்த டிரம்மைப் பார்த்திருந்தால் 500 வெள்ளி வரை அபராதம், புகை ரசீதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அப்படியே டிங்கி உறுதியானாலும், கிளினிக்கே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடும், சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். புகை அடிக்க அவர்களே வருவார்கள், நம் கையிலிருந்து காசு போகாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் பக்கம் போகவேண்டாம், இரத்தக்கசிவு ஆபத்து.

சரி, கடைசியில் வேலை செய்தது எது? அபேட் மணல், தண்ணீரில் போடும் கொசுப்புழு மருந்து. 10 லிட்டருக்கு 1 கிராம், அப்படியென்றால் எங்கள் டிரம்முக்கு 10 கிராம், சில வாரங்களுக்குப் புழு பற்றிய கவலை இல்லை. ஆனால் முதலில் டிரம்மைக் கவிழ்த்து உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீரை வெறுமனே கொட்டிவிட்டால் போகாது. மாமியாருக்கு அபேட்டே பிடிக்கவில்லை. "மருந்து போட்ட தண்ணியில நான் அரிசி களையணுமா?" இந்த அளவில் போட்டால் குடிக்கும் தண்ணீருக்கே உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் டிரம்முக்கு மணல், சமையலறை வாளிக்கு வலைத்துணியும் இறுக்கமான ரப்பரும் என்று உடன்பாடு.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிஷம் மாமியார் டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வருகிறார். போன வாரம் டிரம்மில் ஒன்றும் இல்லை, குளிர்பெட்டித் தட்டிலும் இல்லை. வரவேற்பறையில் நான் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கும் மணி பிளாண்ட்டில் இரண்டு.