கெட்டுப்போன கிணறு ஒன்று, வழக்குக்கு வழி மூன்று

ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் தீங்கியல் சட்டப் பாடத்தில் கவனக்குறைவு, கண்டிப்பான பொறுப்பு, முழுமையான பொறுப்பு மூன்றும் தனித்தனியாக வரும். வழக்கென்று வந்தால் எதைப் பிடித்துப் போவது? வட ஆற்காட்டுக்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். வாணியம்பாடிப் பக்கம் ஒரு விவசாயியின் கிணறு தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கவனக்குறைவு. காவல் நிலையத் தமிழில் சொன்னால் 'அஜாக்கிரதை'. கவனமாக இருக்கும் கடமை, அதை மீறியது, மீறியதால் வந்த சேதம் என மூன்றையும் வழக்குப் போட்டவரே நிரூபிக்க வேண்டும். கடமையில் சிரமமில்லை. ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்ததாக எழுந்த 1932-ம் ஆண்டு டோனாகூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில், நம் செயலால் யார் பாதிக்கப்படுவார் என்று முன்கூட்டியே யோசிக்க முடியுமோ அவரே அண்டையார் என்றார் அட்கின் பிரபு. நம் விவசாயியோ நிஜமாகவே பக்கத்து நிலத்துக்காரர். ஆனால் மீறலில் மாட்டிக்கொள்வார். 'தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்' என்று முதலாளி சொல்வார். மதில் சுவருக்குள் நடந்ததற்கு விவசாயி எங்கே போய்ச் சாட்சி தேடுவார்?

கண்டிப்பான பொறுப்பில் அந்தத் தொல்லை இல்லை. 1868-ன் ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கில் வந்த விதி இது. ஆபத்தானதை நிலத்தில் சேர்த்து வைத்து அது தப்பிப் போனால், தவறு செய்யாதவரும் பொறுப்பு. ஆனால் விதிவிலக்குகள் ஏராளம்: இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆள் செயல், சட்டம் தந்த அதிகாரம். மழை வெள்ளத்தில் தொட்டி உடைந்தது என்று ஒரு வாதம் வந்தால் போதும், வழக்கு இழுபடும்.

1985-ல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்ததை ஒட்டிய எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலுக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பகவதி வழியை அடைத்துவிட்டார். அதுதான் முழுமையான பொறுப்பு. மாணவர்கள் பலரும் விடைத்தாளில் நேரே இதற்குத் தாவுவார்கள். நான் தாவ மாட்டேன். பைக் மோதல், சிகிச்சைத் தவறு இதிலெல்லாம் கவனக்குறைவுதான் கைகொடுக்கும். அப்புறம், தவறை நிரூபிக்க வேண்டாம் என்றாலும், வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளில் எதன் கழிவு இந்தக் கிணற்றுக்கு வந்தது என்ற கேள்வி மூன்று வழியிலும் காத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் 1996-ன் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கைப் படிக்க வேண்டும். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாகத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றார் நீதிபதி குல்தீப் சிங். கெடுதல் இல்லை என்று காட்டும் சுமையையும் தொழில் நடத்துபவர் பக்கம் தள்ளினார். தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கண்டுபிடித்து இழப்பீட்டைக் கணக்கிடும் வேலை ஒரு தனி ஆணையத்துக்கு. நில வரி பாக்கியைப் போல வசூலிக்கும் வேலை கலெக்டருக்கு.