பழைய வீட்டின் பூர்வீகம் பார்க்க: பதிவுத்துறையின் இணைய வில்லங்கச் சான்று எவ்வளவு தூரம் உதவும்?

சென்னைப் புறநகரில் ஒரு பழைய வீடு யார் யார் கை மாறி வந்தது என்று தெரிய, முன்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் போன்றவற்றின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். அரசுத் தளங்களில் இவ்வளவு பயன் தருபவை குறைவு. ஆனால் 1975-க்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. தாம்பரம், பல்லாவரம் பக்கத்து ஓட்டு வீட்டுக்கும் மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கும் பாதி வரலாறு அதற்கு முன்னால்தான் கிடக்கிறது.

தேடலில் முதலில் தடுக்குவது கிராமப் பெயர். தளம் கேட்பது வருவாய் கிராமத்தை. வாயில் புழங்கும் நகர், காலனி பெயர்கள் அங்கே உதவாது. அடுத்தது உட்பிரிவு. 84/2 என்றிருந்த புல எண் (சர்வே எண்) பின்னாளில் 84/2ஏ, 84/2பி என்று உடைந்திருக்கும். இன்றைய எண்ணை மட்டும் போட்டால் உடைவதற்கு முந்தைய கிரையங்கள் வராது. உடைவதற்கு முந்தைய தாய் எண்ணையும் (84/2) போட்டுத் தனியாகத் தேட வேண்டும். நகர நில அளவை முடிந்த இடமானால் பட்டாவில் டி.எஸ். எண் (நகர அளவை எண்) தான் இருக்கும், பழைய புல எண்ணைப் பத்திரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அலுவலக எல்லை. இன்றைய சார்பதிவகம் ஒரு காலத்தில் வேறொன்றிலிருந்து பிரிந்திருக்கலாம். மாவட்டமே மாறியிருக்கிறது: பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா, 1997 பிரிவினைக்குப் பின் காஞ்சிபுரம், 2019 முதல் மறுபடி செங்கல்பட்டு. புது அலுவலகத்தில் மட்டும் தேடி, 'வில்லங்கம் இல்லை' என்று படிவம் 16 கையில் வந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பழைய அலுவலகத்திலும் அதே ஆண்டுகளுக்குத் தேடுங்கள்.

பதிவுகள் இருந்தால் படிவம் 15 வரும். அதில் பலரும் கண்ணோட்டாமல் கடந்துவிடும் பத்தி, 'முந்தைய ஆவண எண்'. நமக்கு அதுதான் பொக்கிஷம். 1978 கிரையத்தில் அந்த இடத்தில் 1952-ஆம் ஆண்டு ஆவண எண் இருந்தால், இணையம் எட்டாத காலத்துக்குக் கதவு திறந்துவிட்டது. அந்த எண்ணை வைத்துச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். எண் கிடைக்காவிட்டால் அலுவலகத்தின் பழைய அட்டவணைகளில் தேடச் சொல்ல வேண்டும். அட்டவணை 1 பெயர்வாரி, 2 சொத்துவாரி. அதனால் மனுவில் பழைய உரிமையாளர் பெயரை விதவிதமான எழுத்துக்கூட்டலில் கொடுப்பது நல்லது.

இந்தச் சான்று காட்டுவது, அசையாச் சொத்து ஆவணங்களுக்கான 1-ஆம் புத்தகப் பதிவேட்டில் உள்ளவற்றை: கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம், அதன் ரசீது. உயில் 3-ஆம் புத்தகத்தில் இருப்பதால் இதில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பிறருக்கு அதன் நகலும் கிடையாது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்து பிள்ளைகள் அனுபவித்து வந்தாலும் பதிவில் சுவடு இருக்காது. 1960-இல் வாங்கியவர் பெயருக்குப் பின் 1995-இல் வேறு யாரோ விற்கிறார் என்றால், நடுவில் ஒரு மரணம் இருக்கக்கூடும். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். மகள்கள் எல்லாரும் கையெழுத்திட்டார்களா என்று அந்த விற்பனைப் பத்திரத்தில் பார்க்க வேண்டும்.

வீட்டின் வயதைச் சான்று சொல்லாது. அதை வீடே சொல்லும். அண்ணாந்து பாருங்கள்: தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டங்கள், அவற்றுக்கு மேல் ஏறத்தாழ 6 அங்குலம் நீளமும் 1 அங்குலம் கனமுமான சிறு செங்கற்கள் சாய்வாகச் செங்குத்தி நின்றால் அது மெட்ராஸ் டெரஸ். மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், அதற்கும் மேல் தட்டோடு. சுவரோடு சேரும் உத்தர முனைதான் முதலில் உளுக்கும். அங்கே ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிறதே என்று அதன்மேல் சிமெண்ட் கான்கிரீட் போடுவது மிகத் தவறான வைத்தியம். பாரமும் ஏறும், ஈரமும் உள்ளேயே தங்கி மரத்தை அரிக்கும்.

ஓட்டு வீடானால் ஓட்டைப் புரட்டி முத்திரையைப் படிக்கலாம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஆலை ஓட்டில் 1865 என்று இருந்தால் அது மங்களூரில் ஆலை தொடங்கிய ஆண்டு. வீடு கட்டிய ஆண்டு என்று விளம்பரத்தில் போட்டால் நம்பாதீர்கள். அந்த ஆலைகளைப் பின்னர் ஏற்று நடத்திய காமன்வெல்த் நிறுவனத்தின் முத்திரை என்றால் அந்த ஓடு முதல் உலகப் போருக்குப் பிந்தையது. கூரை மாற்றும்போது பழைய ஓட்டை வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுவதும் உண்டு, ஆகவே ஓட்டை மட்டும் சாட்சியாக வைக்க வேண்டாம்.

கட்டடத்தையும் காகிதத்தையும் ஒத்துப் பார்க்க, சுருக்கமான வில்லங்கப் பதிவு போதாது. செலவைப் பார்க்காமல் ஒவ்வொரு தாய்ப் பத்திரத்துக்கும் முழு நகல் எடுங்கள். சொத்து விவரத்தில் 'ஓட்டு வில்லை வீடு' என்றிருந்தது எந்த ஆண்டில் 'மட்டப்பா வீடு' (தட்டைக் கூரை வீடு) ஆகிறது, பொதுச் சுவர் எந்தப் பக்கம், கிணற்றில் யாருக்குப் பாத்தியம், நடைபாதை எத்தனை அடி என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டோடு பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த நாலு வரியைப் படிக்காததால் வருபவை.