ஓம் அளவா, கிளாம்ப் மீட்டரா, ஈபி மீட்டரா: வாட் கணக்குக்கு எது சரி?

ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்று அறிய மூன்று வழிகள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்ப்பது முதல் வழி; வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். ஓடும்போதே வோல்ட்டையும், ஒயரைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரையும் அளந்து பெருக்குவது இரண்டாவது. ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுவது மூன்றாவது.

திருப்பூரில் பனியன் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்கு எந்த வழியும் ஒத்துவரும். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் ஓடினால் பெருக்கல் 1000 வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை சுமார் 53 ஓம். பெட்டியைச் சூடாக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் அதிகம் மாறாததால், ஆறிய பெட்டியில் ஓம் பார்த்தாலும் ஏறக்குறைய இதே எண்தான். வோல்ட் 200க்கு இறங்கினால் மட்டும் அதே பெட்டி 756 வாட்தான் தரும். தடை மாறாதபோது, வோல்ட் குறையும் வேகத்தைவிட வாட் வேகமாகக் குறையும்.

பழைய 100 வாட் குண்டு பல்பில் முதல் வழி தோற்றுவிடும். எரியும்போது 529 ஓம் இருக்கும் இழை, அணைந்து ஆறியபின் 40 ஓம் அளவில்தான் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் பல்பு ஆயிரத்து முந்நூறு வாட் ஆகிவிடும்!

மோட்டாரில் இது இன்னும் மோசம். வைண்டிங்கின் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருளின்) ஓம் அளவுக்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் காயில் கட்டும் கடைக்காரர் ஓம் பார்க்காமல் இருக்கமாட்டார். மூன்று ஃபேஸ் வைண்டிங்கும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க அதுதான் கை கொடுக்கும். வாட் கணக்குக்கு அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

கிளாம்ப் மீட்டரை ஒரே ஒரு ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். போகும் ஒயரையும் வரும் ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். கோவை கிரைண்டர் ஒன்று 230 வோல்ட்டில் 1.1 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 253. ஆனால் வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்ட ஈபி மீட்டரைப் பார்த்தால், 5 நிமிடத்தில் 40 மின்னல்தான். அதாவது 150 வாட். இரண்டும் பொய்யில்லை. முதல் எண் வோல்ட்-ஆம்பியர், இரண்டாவது உண்மையான வாட். இடையில் நிற்பது பவர் ஃபேக்டர், அதாவது வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுத்த எண், இங்கே சுமார் 0.6. வீட்டு பில் ஏறுவது வாட்டுக்குத்தான் என்பதால், மோட்டார் உள்ள எதற்கும் நான் மின்னலைத்தான் எண்ணுவேன். காசும் செலவில்லை.

இலவச மின்சாரத் தோட்ட இணைப்புகள் பலவற்றில் மீட்டரே கிடையாது என்பதுதான் சங்கடம். அங்கே கிளாம்ப் மீட்டர்தான் துணை. 5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுத்தால் 1.732 × 415 × 7.5 × 0.82, ஏறத்தாழ 4420 வாட். அதில் 5 எச்.பி.க்குச் சமமான 3730 வாட்தான் தண்டைச் சுழற்றுகிறது. மீதி சூடாகப் போகிறது. இதில் 1.732 மூன்று ஃபேஸுக்கான பெருக்கெண், 0.82 பவர் ஃபேக்டர். இந்த 0.82 மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கும், முழுச் சுமைக்கு மட்டுமே பொருந்தும். கோடையில் கிணறு வற்றி பம்ப் காற்றை இழுக்கும்போது ஆம்பியரும் இறங்கும், பவர் ஃபேக்டரும் இறங்கும். அப்போதும் 0.82ஐயே வைத்துக் கணக்குப் போட்டால், மோட்டார் இழுப்பதைவிடக் கூடுதலான வாட்தான் விடையாக வரும்.