சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது: 11 ஆண்டு ஓடிய காரின் பூட்

பினாங்கில் 2014 முதல் நான் ஓட்டிவரும் செடான் காரை இஞ்சினுக்காகவோ கியருக்காகவோ பட்டறைக்குக் கொண்டுபோனதைவிட, பின்னால் இருக்கும் பூட் திறக்காததற்காகக் கொண்டுபோனதே அதிகம். தமிழகத்தில் இதை டிக்கி என்பார்கள். நாங்கள் பூட் என்று சொல்லிப் பழகிவிட்டதால், அதன் தாழ்ப்பாளைப் பற்றி எழுதும்போது 'பூட்டின் பூட்டு' என்று எழுத நேரும் சங்கடம் எங்களுக்கு மட்டும் உரியது. காரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே அமைப்பு பல நிறுவனங்களின் கார்களிலும் இருக்கிறது.

எண் பலகைக்கு மேலே, ரப்பர் உறைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பூட் திறக்கிறது என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பொத்தான் ஒரு வேண்டுகோளைத்தான் அனுப்புகிறது. காரின் கட்டுப்பாட்டுக் கணினி அதைப் பெற்று, கதவுகள் லாக் செய்யப்படவில்லை, வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே, மூடியில் உள்ள தாழ்ப்பாளின் சிறிய மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிறது. பொத்தான், கணினி, ஒயர், தாழ்ப்பாள் ஆகிய நான்கில் எது சுணங்கினாலும் வெளியே நிற்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: மூடி அசையவில்லை.

முதல் தொல்லை 2019-இல் வந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்த ரப்பர் உறை, மென்று துப்பிய சூயிங்கம்போல் பிசுபிசுத்து, தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டியது. விரிசல் வழியாக நீர் இறங்கியதால், கார் கழுவிய நாள்களில் பொத்தான் வேலை செய்யாது. இரண்டு முறை நள்ளிரவில் பூட் தானாகவே திறந்து, காலையில் மழைநீரோடு என்னை வரவேற்றது. பொத்தான் தொகுதியை 95 ரிங்கிட்டுக்கு மாற்றினேன். ஐந்து ஆண்டு உழைத்த பொருள் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை.

குறை இருப்பது இரண்டாவது தொல்லையைப் பற்றித்தான். 2022 இறுதியில் மீண்டும் தொடங்கியபோது, மழை, வெயில், கழுவுதல் எதனோடும் அதற்குத் தொடர்பு தெரியவில்லை. வழக்கமாகச் செல்லும் பட்டறையில் தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, 420 ரிங்கிட்டுக்குப் புதிது பொருத்தினார்கள். சரியாக இரண்டு வாரம் நன்றாக இருந்தது.

2023 தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலை, ரதம் வரும் பாதையில் உடைப்பதற்காக இரண்டு சாக்குத் தேங்காய்களை ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினால், பூட் திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினேன், மூடியைக் கையால் குத்தினேன், பிரயோசனமில்லை. சாவித் துவாரமோ ஒன்பது ஆண்டுகளாக யாரும் தொடாமல் கடற்காற்றில் இறுகிக் கிடந்தது. கடைசியில் பின்னிருக்கையின் சாய்மானத்தை மடக்கி, சாக்கை உள்ளேயே கிழித்து, என் மகன் ஒவ்வொரு தேங்காயாக உருட்டித் தர, நான் கதவு வழியாக வாங்கி அடுக்கினேன். பின்னால் வேறு காரில் வந்த தம்பி, "அண்ணே, நம்பர் பிளேட் லைட்டும் எரியலயே," என்று சொன்னதை அந்த அவசரத்தில் நான் பொருட்படுத்தவில்லை.

பிறகு பட்டர்வொர்த்தில் கார் ஒயரிங் மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் போனேன். அங்கே, பல்வலிக்காரன் மருத்துவரைக் கண்டதும் வலி நிற்பதுபோல, பூட் முதல் அழுத்தலிலேயே திறந்துகொண்டது. அவர் சிரிக்கவில்லை. "திறக்காதப்ப உள்ளே டக்குனு சத்தம் கேட்டுச்சா, கேக்கலயா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. சத்தம் கேட்டும் மூடி எழவில்லை என்றால், கொக்கியில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், விளிம்பு ரப்பர் ஒட்டியிருக்கலாம், மூடியைத் தூக்கும் தண்டோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் மின்சாரம் தாழ்ப்பாளை எட்டவில்லை, ஆகவே அதைச் சோதிக்காமல் தாழ்ப்பாளை மாற்றிப் பயனில்லை. எனக்குச் சத்தம் கேட்டதே இல்லை. எண் பலகை விளக்கைப் பற்றித் தம்பி சொன்னதையும் அப்போதுதான் நினைவுகூர்ந்து சொன்னேன். அவர் உடனே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கீல் பக்கம் போனார்.

காரின் உடலிலிருந்து மூடிக்குச் செல்லும் ஒயர்கள் அங்கே மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய்க்குள் போகின்றன. மூடியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடங்குகின்றன. அவர் குழாயைப் பின்னுக்குத் தள்ளியபோது, எல்லா ஒயர்களும் என் கண்ணுக்கு முழுமையாகவே தெரிந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல இழுத்தார். பழுப்பு நிற ஒயர் மட்டும் ரப்பர் பேண்டுபோல நீண்டது. வெளித்தோல் பிரியாமலே உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஒயரில் மின்தொடர்பு இருந்தால் பீப் என்று ஒலிக்கும் மீட்டரை இரு முனைகளிலும் வைத்து மூடியை அசைக்க, பீப் ஒலி ஓரிடத்தில் வந்தது, இன்னோரிடத்தில் நின்றது. என் காரில் தாழ்ப்பாள், பொத்தான், எண் பலகை விளக்கு மூன்றுக்கும் பொதுவான எர்த் ஒயர், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர், அதுதான். புதுத் தாழ்ப்பாள் இரண்டு வாரம் வேலை செய்ததன் காரணமும் அப்போது விளங்கியது: வேலையின்போது மூடியைப் பலமுறை அசைத்ததில், அறுந்த முனைகள் தற்செயலாக ஒட்டி நின்றிருக்கின்றன.

அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டுவது தவறு என்றார். ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துவிடும். அதன் ஓரத்திலேயே மீண்டும் ஒடியும். ஆகவே மெல்லிய இழைகள் கொண்ட, வளைந்து கொடுக்கும் புதிய ஒயரை ஒரு சாண் நீளத்துக்குச் சேர்த்து, இரு இணைப்புகளும் மடங்கும் பகுதிக்கு வெளியே வரும்படி வைத்தார். குழாயின் வாயைத் தகட்டில் சரியாகப் பதித்தபின், நீர் ஊற்றிச் சோதித்தார். கூலி 80 ரிங்கிட்.

அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. சாவித் துவாரத்தைச் சுத்தம் செய்து, மாதம் ஒருமுறை சாவியாலேயே திறக்கிறேன். பேட்டரியை பூட் பகுதிக்குள் வைத்திருக்கும் கார்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் பேட்டரி இறங்கினால் அதை எடுக்கவே வழியிருக்காது. பலரும் தாழ்ப்பாளில் அடிக்கும் டபிள்யூ.டி. 40 ஸ்பிரே ஈரத்தை வெளியேற்றவே உருவாக்கப்பட்டது. தாழ்ப்பாளுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ்தான் நின்று பயன்படுகிறது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் புதிய கார்களின் பூட் பகுதிக்குள் அவசரத் திறப்புக் கைப்பிடி கட்டாயம். என் காரில் அது இருந்திருந்தால், அன்று மடக்கிய இருக்கை வழியாக மகனே இழுத்துத் திறந்திருப்பான்.

கடந்த மாதம் எண் பலகையின் இடப்பக்க விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பல்புதான் பழுது. ஆனாலும் அதைக் கழற்றுவதற்கு முன், கீல் பக்கம் போய் அந்தப் பழுப்பு ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.